எலிசபெத் பென்னட்டைப் பற்றி எழுத உட்காரும் முன்: பாத்திர ஆய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜேன் ஆஸ்டின் எழுதிய 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் எலிசபெத் பென்னட்டைப் பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில்தான் ஆரம்பிக்கிறார்கள்: அவள் துணிச்சல்காரி, மனதில் பட்டதைப் பட்டென்று பேசுகிறவள். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் ஞாயிறு காலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து இந்த நாவலை அத்தியாயம் அத்தியாயமாக இரண்டு முறை படித்து முடித்திருக்கிறோம். இரண்டு சுற்றிலும் புதிதாக வந்தவர்கள் தடுமாறிய இடங்கள் ஒன்றேதான். அந்த முதல் வரி பொய்யில்லை. ஆனால் அதிலிருந்து தொடங்கினால் ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் பேனா நகராது, ஏனென்றால் நாவலின் நட்ட நடுவில் அவள் மனதில் பட்டது பெருந்தவறு என்று அவளுக்கே தெரிந்துபோகிறது, துணிச்சல்காரி என்று எழுதியவருக்கு அதற்குப் பிறகு அவளை என்ன செய்வதென்று தெரிவதில்லை. அவளுடைய மன உறுதி முழுக்க அந்தத் தவறுக்குப் பின்னால் என்ன செய்கிறாள் என்பதில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அங்கே போய்ச் சேருகிற வரிசை இது. கல்லூரியில் இலக்கியம் படிப்பவர்களுக்கும், வாசகர் கூட்டத்தில் பேசப் போகிறவர்களுக்கும், தமிழில் கட்டுரை எழுத நினைப்பவர்களுக்கும் இதே வரிசைதான்.

கதை தெரியாதவர்கள் நாவலைப் படித்துவிட்டு இங்கே வாருங்கள். கீழே எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்துத்தான் பேசப் போகிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

சுருக்கப்படாத முழு நாவல் வேண்டும். லஸ் முனை மாதிரி இடங்களில் பழைய புத்தகம் வாங்கினால் மாணவர்களுக்கான சுருக்கப் பதிப்பும் அதே குவியலில் கிடக்கும், அட்டையைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. நான் பார்த்த சுருக்கப் பதிப்புகளில் சண்டையும் வசனமும் அப்படியே இருக்கின்றன, அவள் தனியாக நடந்துகொண்டு யோசிக்கிற பக்கங்கள்தான் காணாமல் போயிருக்கின்றன. நமக்குத் தேவையே அந்தப் பக்கங்கள்தான். அதனால் வாங்கும்போதே கடைசி அத்தியாய எண்ணைப் புரட்டிப் பாருங்கள், மொத்தம் 61 இருக்க வேண்டும்.

சில பதிப்புகளில், 1813இல் நாவல் முதலில் வந்தபடியே மூன்று பாகமாகப் பிரித்து ஒவ்வொரு பாகத்திலும் எண்ணை ஒன்றிலிருந்து ஆரம்பித்திருப்பார்கள். 23, 19, 19 என்று கணக்கு. அப்படியென்றால் நான் இங்கே 34 என்று சொல்வது உங்கள் புத்தகத்தில் இரண்டாம் பாகத்தின் 11, நான் 43 என்று சொல்வது மூன்றாம் பாகத்தின் 1. இது தெரியாமல் ஒருவர் எங்கள் கூட்டத்தில் முதல் வாரம் முழுக்க வேறு அத்தியாயத்தைத் தேடிக்கொண்டிருந்தார். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் புராஜெக்ட் குட்டன்பெர்க் என்ற இணையதளத்தில் முழு நாவலும் இலவசமாகக் கிடைக்கிறது.

ஒரு நோட்டு, இரண்டு நிறப் பேனா, ஓர் ஆங்கில அகராதி. அகராதி எதற்கு என்றால், சில சொற்கள் பொருள் மாறிவிட்டன. 'கேண்டிட்' என்ற சொல்லை இன்று ஒளிவு மறைவில்லாத என்று புரிந்துகொள்கிறோம். இந்த நாவலில் அக்கா ஜேனைப் பற்றி எலிசபெத் அந்தச் சொல்லைச் சொல்லும்போது, எல்லோரிடமும் நல்லதையே பார்ப்பவள் என்று பொருள். இன்றைய பொருளில் படித்தால் ஜேன் ஏதோ வெளிப்படையாகப் பேசுகிறவள் போலத் தோன்றும், அக்காவும் தங்கையும் எதில் வேறுபடுகிறார்கள் என்பதே கலங்கிவிடும்.

2. முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடாதீர்கள்

முதல் முறை சும்மா படியுங்கள். குறிப்பு எடுக்க வேண்டாம், மேற்கோள் தேட வேண்டாம். எலிசபெத் ஏமாறும்போது நாமும் ஏமாற வேண்டும் என்றே நாவல் கட்டப்பட்டிருக்கிறது, பென்சிலோடு உட்கார்ந்தால் ஏமாற மாட்டீர்கள், ஏமாறாதவருக்கு 36ஆம் அத்தியாயத்தில் அவள் படும் வெட்கம் வெறும் தகவலாகத்தான் தெரியும்.

படம் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது கஷ்டம். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: 16ஆம் அத்தியாயத்தில் படை அதிகாரி விக்கம், பணக்கார டார்சி தனக்கு அநியாயம் செய்ததாகத் தன் சோகக் கதையைச் சொல்லி முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, கதை தெரியாவிட்டால் நான் இவனை நம்பியிருப்பேனா, எதற்காக நம்பியிருப்பேன் என்று நான்கு வரி எழுதுங்கள். அந்த நான்கு வரி பிறகு உதவும்.

3. குணத்துக்கு முன்னால் பணக் கணக்கு

இந்தப் படியை எல்லோரும் தாண்டிப் போகப் பார்க்கிறார்கள். காதல் நாவலில் கணக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். அவள் எதை வேண்டாம் என்றாள் என்பது தெரியாமல் அவள் வேண்டாம் என்றதன் எடை எப்படித் தெரியும்?

நோட்டின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். அப்பாவின் நிலத்திலிருந்து வருமானம் ஆண்டுக்கு 2,000 பவுண்டு, ஆனால் ஆண் வாரிசு இல்லாததால் அவர் காலத்துக்குப் பின் வீடும் நிலமும் தூரத்து உறவினன் காலின்ஸுக்குப் போய்விடும். ஐந்து பெண்கள். எலிசபெத்தின் பங்காக வரக்கூடியது 1,000 பவுண்டு, அதுவும் அம்மா இறந்த பிறகு, நூற்றுக்கு 4 வட்டியில். அதாவது ஆண்டுக்கு 40 பவுண்டு. டார்சியின் வருமானம் ஆண்டுக்கு 10,000 பவுண்டு. இந்த 40ஐயும் 10,000ஐயும் அருகருகே எழுதிவிட்டு, 34ஆம் அத்தியாயத்தில் அவள் டார்சியை மறுக்கும் பக்கத்தைத் திரும்பப் படியுங்கள். வேறு மாதிரி இருக்கும்.

இங்கே நம் ஊர் வாசகர்கள் ஒரு பக்கமாகச் சறுக்குகிறார்கள். பெண் பார்க்க வந்தவனைப் பிடிக்கவில்லை என்று சொன்ன பெண்ணை வீட்டிலும் உறவிலும் எப்படிப் பேசுவார்கள் என்று நமக்குத் தெரியும், அதனால் அம்மாவின் கூச்சல் நமக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது, புரிந்த மகிழ்ச்சியில் இது நம் ஊர் கதைதான் என்று எழுதிவிடுகிறோம். அவசரப்படாதீர்கள். இன்று சென்னையில் ஒரு வரனை மறுக்கும் பெண்ணிடம் ஒரு வேலையோ, வேலைக்குப் போகும் வழியோ இருக்கலாம். எலிசபெத்துக்குக் கண்ணியமான சம்பாத்தியத்துக்கு வழியே இல்லை என்று சொல்லலாம். காலின்ஸை மறுக்கும்போது அம்மாவும் தங்கைகளும் நாளை தங்கியிருக்கக்கூடிய கூரையையும் சேர்த்து மறுக்கிறாள், 21 வயதுகூட நிறையாத பெண். அந்த வித்தியாசத்தை ஒரு பத்தியாவது எழுதுங்கள், அப்புறம் ஒற்றுமையைப் பேசலாம்.

4. வசனத்தை விட்டு முடிவுகளைப் பட்டியலிடுங்கள்

இரண்டாம் வாசிப்பு இங்கே தொடங்குகிறது. நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: என்ன முடிவெடுத்தாள், எந்த அத்தியாயம், யார் எதிர்த்தார்கள், அவளுக்கு என்ன நஷ்டம். அவள் சொன்ன சுவையான பதில்களை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. பேச்சு அவளுக்கு எளிதாக வருகிறது, எளிதாக வருவதிலிருந்து உறுதியை அளக்க முடியாது.

7ஆம் அத்தியாயத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும் மூன்று மைல் சேற்றில் நடந்து போகிறாள், கடைசிப் பகுதி தன்னந்தனியாக. மழை விட்ட மறுநாள் மயிலாப்பூர் குளத்தடியிலிருந்து அடையாறு வரை நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். போய்ச் சேர்ந்த வீட்டில் அவள் பாவாடை விளிம்பில் ஆறு அங்குலச் சேறு என்று பின்னால் பேசிச் சிரிக்கிறார்கள். 19இல் காலின்ஸுக்கு மறுப்பு. 34இல் டார்சிக்கு மறுப்பு. இவை மூன்றும் எல்லோருடைய பட்டியலிலும் வந்துவிடும்.

யாருடைய பட்டியலிலும் வராத ஒன்று 40ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. விக்கம் எப்படிப்பட்டவன் என்று இப்போது அவளுக்குத் தெரியும், அதை ஊருக்குச் சொல்வதா வேண்டாமா என்று அக்காவிடம் கேட்கிறாள், வேண்டாம் என்று இருவரும் முடிவெடுக்கிறார்கள். காரணங்கள் நியாயமாகவே இருக்கின்றன: டார்சி சொன்னதை வெளியிட அனுமதி இல்லை, விக்கமும் படையோடு சீக்கிரம் ஊரை விட்டுப் போகப் போகிறான். பட்டென்று பேசுகிறவள் என்று பெயரெடுத்தவள் பேசாமல் இருந்த ஒரே பெரிய சந்தர்ப்பம் அது, அந்த மௌனத்தின் விலையை 46ஆம் அத்தியாயத்தில் 16 வயதுக் கடைசித் தங்கை லிடியா அதே விக்கமுடன் ஓடிப்போனதாகக் கடிதம் வரும்போது குடும்பமே கொடுக்கிறது. தான் தடுத்திருக்கலாமே என்று அவள் டார்சியிடமே சொல்லி அழுகிறாள். இதைப் பட்டியலில் சேர்க்காத பாத்திர ஆய்வு பாதிதான்.

அதற்கு அடுத்த வரியாக 41ஐயும் எழுதுங்கள். அந்தப் படை போய்த் தங்கும் பிரைட்டனுக்கு லிடியாவை அனுப்ப வேண்டாம் என்று அப்பாவிடம் போய் மன்றாடுகிறாள். அப்பா கேட்கவில்லை, அனுப்பாவிட்டால் வீட்டில் நிம்மதி இருக்காது என்கிறார். மன உறுதி உள்ள பெண் என்றால் எல்லா இடத்திலும் ஜெயிப்பவள் என்று நினைத்துக்கொண்டு தோற்ற இடங்களை மறைக்கிறோம். அவள் சரியாகச் சொல்லித் தோற்ற இடம் இது, எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் ஒன்று.

5. இந்த வாக்கியம் யாருடையது என்று பிரியுங்கள்

இரண்டு நிறப் பேனா இதற்குத்தான். கதைசொல்லி நேராகச் சொல்லும் வாக்கியத்துக்கு ஒரு நிறம், கதைசொல்லியின் குரலில் எலிசபெத்தின் நினைப்பு கலந்து வரும் வாக்கியத்துக்கு இன்னொரு நிறம். ஆஸ்டின் மேற்கோள் குறி போடாமலே பாத்திரத்தின் மனதுக்குள் போய்விடுவார், அவள் நினைத்தாள் என்ற சொல்கூடச் சில சமயம் இருக்காது. புதியவர்கள் அந்த வாக்கியத்தை நாவல் தரும் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, டார்சி கர்வி என்று ஆஸ்டினே சொல்கிறார் என்று எழுதிவிடுகிறார்கள். அவன் கர்வி என்று ஊர் முடிவு கட்டியது, அவளும் சேர்ந்து முடிவு கட்டினாள்.

பழக 16ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விக்கம் நல்லெண்ணத்தோடு பேசுவது போலப் பேசும்போது அவன் முன்பைவிட அழகாக இருந்ததாக எலிசபெத்துக்குத் தோன்றுகிறது. இங்கே நல்ல வேளையாக அவளுக்குத் தோன்றியது என்று தெளிவாகவே இருக்கிறது. பேச்சின் உண்மையை முகத்தை வைத்து அளக்கிறாள். அடுத்த அத்தியாயத்தில் அக்காவிடம் அவன் பார்வையிலேயே உண்மை தெரிந்தது என்று வாய்விட்டே சொல்கிறாள். அந்த உரையாடலில் ஜேன், டார்சி, விக்கம் இருவரையும் யாரோ தவறாக வழிநடத்தியிருக்கலாம், நமக்கு என்ன தெரியும் என்கிறாள், எலிசபெத் அவளைச் செல்லமாகக் கேலி செய்கிறாள். கேலிக்கு ஆளான அக்காதான் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். நாம் தங்கையின் கூர்மையில் மயங்கி அதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம்.

பத்துப் பக்கம் இப்படி நிறம் பிரித்தால் போதும், அதற்கு மேல் கண்ணே பழகிக்கொள்ளும்.

6. ஷார்லட்டுக்கு ஒரு நியாயம், விக்கமுக்கு ஒரு நியாயம்

அவளுடைய குறையை எழுதச் சொன்னால் அவசரப்பட்டு முடிவெடுக்கிறாள் என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். அதைவிடக் கூர்மையான ஆதாரம் இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கிடைக்கும்.

22ஆம் அத்தியாயம்: 27 வயது ஷார்லட், எலிசபெத்தின் நெருங்கிய தோழி, எலிசபெத் மறுத்த அதே காலின்ஸை ஏற்றுக்கொள்கிறாள். தனக்கு வேண்டியது வசதியான ஒரு வீடு மட்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறாள். எலிசபெத்தால் தாங்க முடியவில்லை. 24இல் ஜேன், ஒவ்வொருவர் நிலைமையும் சுபாவமும் வேறு, அதைக் கொஞ்சம் நினைத்துப் பார் என்று சொல்லியும் கேட்கவில்லை, தோழியே ஆனாலும் இதற்குச் சமாதானம் சொல்லாதே என்கிறாள்.

26ஆம் அத்தியாயம்: விக்கம் அவளை விட்டுவிட்டு, திடீரென்று 10,000 பவுண்டு சொத்து வந்த மிஸ் கிங்கின் பின்னால் போகிறான். இதற்கு எலிசபெத் என்ன சொல்கிறாள்? அழகான இளைஞனுக்கும் சாப்பாட்டுக்கு வழி வேண்டுமல்லவா என்கிற தொனியில் மாமிக்குக் கடிதம் எழுதுகிறாள். ஷார்லட் விஷயத்தில் இருந்த தெளிவு இதில் அவளுக்கு இல்லை என்று கதைசொல்லியே அந்த இடத்தில் குறுக்கிட்டுச் சொல்கிறார்.

பணத்துக்காகக் கல்யாணம் என்பது இரண்டிலும் ஒன்றே. தோழி செய்தால் கேவலம், தன்னைப் புகழ்ந்து பேசிய ஆண் செய்தால் விவேகம். இதை எழுதும்போது அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம், அவள் கண்ணை எது மறைத்தது என்று கேளுங்கள். மெரிடன் நடன விருந்தில், 3ஆம் அத்தியாயத்தில், டார்சி அவளைச் சுமார்தான், என்னை ஈர்க்கும் அளவுக்கு அழகில்லை என்று அவள் காதுபடச் சொன்னான். விக்கம் அவளைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவ்வளவுதான் விஷயம். 5ஆம் அத்தியாயத்தில் அவளே சொல்லிவிடுகிறாள், டார்சியின் கர்வத்தை மன்னித்திருப்பேன், என் கர்வத்தை அவன் காயப்படுத்தாமல் இருந்திருந்தால் என்று. அதனால் தலைப்பில் உள்ள கர்வம் டார்சிக்கு, தப்பெண்ணம் எலிசபெத்துக்கு என்று பங்கு பிரித்து எழுதாதீர்கள். இரண்டும் இருவரிடமும் இருக்கிறது.

7. 36ஆம் அத்தியாயத்துக்கு ஒரு முழு நாள்

மறுக்கப்பட்ட மறுநாள் டார்சி கொடுக்கும் கடிதம் 35ஆம் அத்தியாயம், ஜேனின் காதலைத் தடுத்தது பற்றியும் விக்கம் பற்றியும் அவன் தரும் விளக்கம் அது. அதை அவள் படிப்பது 36. வெளியே ஒன்றுமே நடக்காது, ஒரு பெண் கிராமத்துப் பாதையில் இரண்டு மணி நேரம் நடந்துகொண்டே ஒரு கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள், அவ்வளவுதான். எங்கள் கூட்டத்தில் இந்த அத்தியாயத்துக்கு மட்டும் இரண்டு ஞாயிறு எடுத்துக்கொண்டோம், குறைவு என்றே இப்போது தோன்றுகிறது.

வரிசையாகக் குறியுங்கள். முதல் வாசிப்பில் நம்ப மறுக்கிறாள், எல்லாம் பொய் என்று கடிதத்தை மடித்து வைத்து, இனி பார்க்கவே மாட்டேன் என்கிறாள். அரை நிமிடத்தில் திரும்பப் பிரிக்கிறாள். அந்த அரை நிமிடத்தைக் கோடிட்டு வையுங்கள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை, எதிரில் ஆள் இல்லை, மடித்து வைத்தது மடித்தபடியே இருந்திருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

அடுத்து, விக்கம் பற்றிய பகுதியைத் தன் நினைவோடு ஒப்பிடுகிறாள். முதல் சந்திப்பிலேயே முன்பின் தெரியாத தன்னிடம் அவ்வளவு சொந்த விஷயத்தை ஏன் சொன்னான்? டார்சிக்குப் பயந்து ஒதுங்க மாட்டேன் என்றவன் நெதர்ஃபீல்ட் மாளிகை நடன விருந்துக்கு ஏன் வரவில்லை? டார்சி ஊரில் இருந்தவரை அவளிடம் மட்டும் சொன்ன கதையை, அவன் போன பிறகு ஊருக்கே ஏன் சொன்னான்? இவை எல்லாம் அவளுக்கு முன்பே தெரிந்த விஷயங்கள். புதிய சாட்சி யாரும் வரவில்லை. தெரிந்ததையே அப்போது பார்க்கவில்லை. அதுதான் அவளை வெட்கப்பட வைக்கிறது.

அதற்குப் பிறகு ஜேன் பற்றிய பகுதியை மீண்டும் படிக்கிறாள், ஜேன் தன் விருப்பத்தை வெளியே காட்டுவதில்லை என்று ஷார்லட் எப்போதோ சொன்னது ஞாபகம் வருகிறது. கடைசியில்தான் தன் மீது வருகிறாள்: ஒருவன் கவனித்ததில் மகிழ்ந்து, இன்னொருவன் கவனிக்காததில் கோபித்து, இருவர் விஷயத்திலும் அறிவை ஒதுக்கி வைத்தேன், இந்த நிமிடம் வரை என்னையே நான் அறிந்திருக்கவில்லை என்கிறாள். இங்கே பொதுவான பிழை, டார்சி மேல் காதல் பிறந்த இடம் என்று எழுதுவது. இல்லை. அவன் கேட்ட விதம் அவளுக்கு இன்னும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது, மறுத்ததற்காக அவள் ஒரு கணமும் வருந்தவில்லை என்று 37இல் தெளிவாக இருக்கிறது. அவனைப் பிடிக்காமலே, அவனுக்குத் தான் செய்த அநியாயத்தை ஒத்துக்கொள்கிறாள். பிடித்தவனிடம் தவறை ஒப்புக்கொள்வது ஒன்றும் பெரிய காரியமில்லை.

8. பெம்பர்லியும் அதற்குப் பிறகும்

43இல் டார்சியின் மாளிகையைப் பார்த்து மனம் மாறிவிட்டாள், எல்லாம் சொத்துக்காகத்தான் என்று ஒருவராவது ஒவ்வொரு முறையும் சொல்வார். அவள் வாயிலிருந்தே ஆதாரமும் காட்டுவார், 59இல் எப்போதிலிருந்து காதல் என்று ஜேன் கேட்கும்போது பெம்பர்லி தோட்டத்தைப் பார்த்த நாளிலிருந்து என்கிறாளே என்று. அது விளையாட்டுப் பேச்சு, அடுத்த வரியிலேயே ஜேன் விளையாடாதே என்கிறாள். ஆனால் இதைச் சொல்லி மறு தரப்பை அடைத்துவிடவும் கூடாது. 43இல் இந்த இடத்துக்கு எஜமானியாக இருப்பது ஒரு விஷயம்தான் என்று அவள் மனதில் உண்மையாகவே ஓடுகிறது. ஓடியவுடன், அப்படி ஆகியிருந்தால் வியாபாரக் குடும்பத்து மாமாவையும் மாமியையும் இங்கே அழைக்கவே முடிந்திருக்காது என்று நினைவு வந்து தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். அப்புறம் அதே டார்சி அதே உறவினர்களிடம் மரியாதையாக நடந்துகொள்கிறான். அவள் பார்ப்பது அதைத்தான். இரண்டையும் எழுதுங்கள்.

56ஆம் அத்தியாயத்தில் டார்சியின் அம்மாவுடன் பிறந்த லேடி காதரின் வந்து டார்சியைக் கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன் என்று வாக்குக் கொடு என்று மிரட்டும் காட்சியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அவன் கனவானென்றால் நான் ஒரு கனவானின் மகள், அந்த மட்டில் நாங்கள் சமம் என்கிறாள். நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அவள் கையில் என்ன இருந்தது என்று கேளுங்கள். டார்சி மறுபடி கேட்கவில்லை, கேட்பான் என்று நிச்சயமும் இல்லை. நிச்சயம் ஆகிவிட்டதா என்ற நேர்க் கேள்விக்கு இல்லை என்று உண்மையைச் சொல்லிவிடுகிறாள், கெத்துக்காகக்கூடப் பொய் சொல்லவில்லை. கையில் ஒன்றுமில்லாமல், பொய்யும் சொல்லாமல், வாக்கு மட்டும் தர மறுக்கிறாள்.

வாய்க்கு வருவோம். 59இல் அப்பா, நீ அவனை வெறுக்கிறாயே என்று கலங்கும்போது, முன்பு தான் பேசியது இன்னும் கொஞ்சம் அளவாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறாள். 58இன் கடைசியில் டார்சியைக் கேலி செய்ய நாக்கு நுனிவரை வந்ததை அடக்கிக்கொள்கிறாள், அவன் இன்னும் கேலியைத் தாங்கப் பழகவில்லை என்று. 11ஆம் அத்தியாயத்து எலிசபெத் இதை அடக்கியிருக்க மாட்டாள். இந்த இரண்டு இடங்களையும் கட்டுரையில் சேர்த்தால் அவள் மாறியிருக்கிறாள் என்று தனியாகச் சொல்லத் தேவையே வராது.

9. அவளுக்கு எந்தத் தமிழ்ச் சொல்

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமான படி, எனக்கு மிக முக்கியமான படி. திமிர், வீம்பு, பிடிவாதம், ரோஷம், செருக்கு, வாய்த்துடுக்கு, தன்மானம், மன உறுதி. நம்மிடம் இவ்வளவு இருக்க, முழுக் கட்டுரைக்கும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறோம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு காட்சியைத் தேடிப் பாருங்கள். மெரிடனில் காதில் விழுந்ததைத் தோழிகளிடம் சிரித்துக்கொண்டே சொன்னாலும் உள்ளே சுட்டுக்கொண்டே இருப்பது ரோஷம். டார்சியோடு ஆடவே மாட்டேன் என்று 5இல் அம்மாவிடம் சொல்வது வீம்பு, அதுவும் 18இல் அவன் திடீரென்று கேட்டதும் யோசிக்காமல் சரி என்றுவிடுகிறாள், ஆக அவளைப் பிடிவாதக்காரி என்று சொல்லும் முன் அந்த நடனத்தை ஒரு முறை பாருங்கள். 34இல் தன் குடும்பத்தை மட்டம் தட்டிக்கொண்டே கேட்டவனுக்குச் சொன்ன பதிலில் தன்மானமும் ரோஷமும் கலந்தே இருக்கின்றன. அவன் போன பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்து அழுகிறாளே, அதற்கு மேலே உள்ள எந்தச் சொல்லும் பொருந்தாது. அதையும் எழுத வேண்டும்.

திமிர் என்ற சொல்லை யார் வாயில் வைக்கிறீர்கள் என்று பாருங்கள். லேடி காதரின் தமிழ் பேசினால் அதைச் சொல்வாள், எலிசபெத்தின் அம்மாவும் சொல்வாள். கட்டுரையாளர் சொன்னால் நாமும் அந்தக் கட்சியில் போய் உட்கார்ந்தாகிவிட்டது.

இன்னும் இரண்டு. டார்சியை 'அவர்' என்றும் எலிசபெத்தை 'அவள்' என்றும் எழுதும் பழக்கம் நமக்குக் கை தானாகப் போகும் வழி. நாங்கள் சமம் என்று அவள் சொல்லும் வரியை விளக்கும் பத்தியிலேயே இந்த ஏற்றத்தாழ்வு உட்கார்ந்திருப்பதைப் பல கட்டுரைகளில் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. அவன், அவள் என்று வையுங்கள், இல்லையென்றால் இருவருக்கும் அவர். மற்றது, சண்டைக் காட்சியைத் தமிழில் சொல்லும்போது அவளை 'நீ' என்று பேச வைக்காதீர்கள். 34இல் அவள் கோபம் முழுவதும் மரியாதை வரம்புக்குள்தான் எரிகிறது, கனவானுக்குரிய முறையில் நீங்கள் நடந்துகொண்டிருந்தால் என்று அவள் சொல்லும் ஒரு வரி எவ்வளவு காலம் தன்னை வதைத்தது என்று டார்சி பின்னால் 58இல் சொல்கிறான். 'நீ' என்று மாற்றினால் அந்த வரியின் கூர்மையே போய்விடும்.

10. எழுதும் வரிசை

பணத்திலிருந்து தொடங்குங்கள், 40ம் 10,000மும். அடுத்து முடிவுகளின் பட்டியலிலிருந்து மூன்றை மட்டும் எடுங்கள், அதில் ஒன்று 40ஆம் அத்தியாயத்து மௌனமாக இருக்கட்டும். மூன்றாவதாக ஷார்லட்டும் விக்கமும். அதன் பிறகு 36, கட்டுரையின் மூன்றில் ஒரு பங்கு இதற்குப் போனாலும் தப்பில்லை. கடைசியில் 56. இந்த வரிசையில் போனால் லேடி காதரினை எதிர்த்து நிற்பவள் ஏற்கெனவே தன்னைத் தானே விசாரித்து முடித்தவள் என்று வாசகருக்குத் தெரிந்திருக்கும், அதனால் அந்தக் காட்சியின் பலம் கூடும். 56ஐ முதலில் வைத்தால் அவள் வெறும் சண்டைக்காரியாகத் தெரிவாள், அப்புறம் 36க்கு வரும்போது கதாநாயகி இறங்கிவிட்ட மாதிரி இருக்கும்.

பெயரடைகளை முதல் வரைவில் எழுதிக்கொள்ளுங்கள், இரண்டாம் வரைவில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அத்தியாய எண் போடுங்கள். எண் கிடைக்காத பெயரடையை அடித்துவிடுங்கள். புத்திசாலி என்று எழுதியிருந்தால் எங்கே புத்திசாலி, எங்கே அந்தப் புத்தி கைவிட்டது என்று இரண்டு எண் வேண்டும்.

முடித்ததும் நாவலைப் படிக்காத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எங்கள் கூட்டத்தில் பெரம்பூரிலிருந்து வரும் ஒரு கல்லூரி மாணவி தன் கட்டுரையைப் பாட்டிக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். பாட்டி கேட்ட ஒரே கேள்வி, அந்தக் கடிதத்தை அவள் மறுபடி எடுத்துப் படிக்காமலே விட்டிருந்தால் யாருக்காவது தெரிந்திருக்குமா என்பது. மாணவி வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து அந்த இடத்தை இன்னும் ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு அடுத்த ஞாயிறு வந்தாள்.